சேசிஸ் சொல்லும் வருஷம்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி போகும் சாலையோரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு, பழைய ஜீப் ஒன்றை வாங்க உத்தேசித்தவர்களும், வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு சந்தேகம் கொண்டவர்களும், பாட்டனார் விட்டுச்சென்ற வண்டியை என்ன செய்வதென்று தெரியாத பேரன்மாரும் தருமபுரி, சேலம், திருவண்ணாமலை ஜில்லாக்களிலிருந்து நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எந்த வருஷத்து வண்டிங்க?" கேட்டுக்கொண்டே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். நான் அதை வாங்கிப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். புத்தகத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

புத்தகத்தின்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆனால் பழைய ஜீப்புகளின் விஷயத்தில் அதில் உள்ள வருஷம், பெரும்பாலும் அந்த வண்டி ஏதோ ஒரு ஆபீசில் பதிவான வருஷமே தவிர, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருஷமன்று. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட டிஸ்போஸல் வண்டிகள், ஏலத்தில் எடுத்தவர் எப்போது பதிவு செய்தாரோ அந்த வருஷத்தையே பிறந்த வருஷமாகப் பெற்றன. சர்க்கார் இலாகாக்கள் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டிக் கண்டம் செய்து ஏலத்தில் விட்ட வண்டிகளுக்கும் பல சமயம் அதே கதிதான். போதாக்குறைக்கு, என்ஜின் ஒரு வண்டியிலிருந்தும், பாடி இன்னொரு வண்டியிலிருந்தும், பல்லிணைப் பெட்டி மூன்றாவது வண்டியிலிருந்தும் வந்து சேர்ந்திருக்க, எண் தகடு மட்டும் நான்காவது ஒரு வண்டியின் நினைவாக முன்னால் தொங்கும் சம்பவங்களையும் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு ஜீப்புகள் இந்தப் பக்கத்துக்கு ஏன் வந்தன என்பதை எங்கள் ஊரின் அமைப்பே சொல்லிவிடும். மேற்கே சேர்வராயன் மலையும் அதன் காப்பித் தோட்டங்களும், கிழக்கே சித்தேரி மலையும் அதற்கப்பால் கல்வராயனும், தெற்கே சேலம் போகும் வழியில் மஞ்சவாடிக் கணவாயுமாக, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பிரதேசம் இது. 1965-ல் சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரி பிரிக்கப்பட்ட காலத்தில், மலைக் கிராமங்கள் பலவற்றுக்கு வண்டித் தடம்கூடச் சரியாக இல்லை. பஞ்சாயத்து யூனியனின் பி.டி.ஓ. ஜீப், வனத்துறை ஜீப், மலேரியா ஒழிப்புக்காரர்களின் ஜீப், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யுனிசெஃப் அளித்த ஜீப், இவற்றோடு புளி வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் வைத்திருந்த சொந்த ஜீப்புகள் என்று, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டுமே இங்கே மதிப்பு இருந்தது.

நான் தொழில் படித்தது சேலத்தில். எங்கள் மேஸ்திரி யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து, வில்லிஸ் வண்டிகளைக் கழற்றிப் பிரித்து மறுபடி பூட்டுவதையே தினசரிக் காரியமாகச் செய்தவர். சேர்ந்த புதிதில் அவர் என் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. ஒரு கம்பிப் பிரஷ்ஷும், மண்ணெண்ணெய் ஊற்றிய டின்னும், கந்தல் துணியும் கொடுத்து, "டேய் தம்பி, பெயிண்டைப் பார்த்து ஏமாறாதே. போல்ட்டோட தலையைப் பாரு" என்று சொல்லி வண்டிக்கு அடியில் அனுப்பினார். பல வருஷத்துக் கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிப்போயிருந்த ஸ்பிரிங் கொக்கியின் போல்ட் ஒன்றை நான் நெடுநேரம் தேய்த்தபோது, அறுகோணத் தலையின் நடுவில் ஆங்கில 'எஃப்' எழுத்து, சற்றுச் சாய்ந்த கையெழுத்து வடிவில், புடைத்துத் தெரிந்தது. "என்ன தெரியுது?" என்றார். சொன்னேன். "அப்போ அது ஃபோர்டு கொடுத்த போல்ட். வண்டியும் ஃபோர்டான்னு இனிமேத்தான் பார்க்கணும்" என்றார். அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தின் அர்த்தம் எனக்கு விளங்கச் சில வருஷங்கள் ஆயின.

யுத்தத்துக்காக அமெரிக்க ராணுவம் வரவழைத்த சிறு ஜீப்பை, ஓஹையோ மாகாணத்து டொலீடோ நகரில் வில்லிஸ் ஓவர்லாண்டு நிறுவனத்தார் 'எம்.பி.' என்ற பெயரிலும், ஃபோர்டு நிறுவனத்தார் 'ஜி.பி.டபிள்யூ.' என்ற பெயரிலும் செய்தார்கள். 1941 முதல் 1945 வரையில் வில்லிஸ் செய்தவை மூன்று லட்சத்து அறுபதாயிரம் அளவிலும், ஃபோர்டு செய்தவை இரண்டு லட்சத்து எழுபத்தையாயிரத்துக்குச் சற்று மேலும் இருக்கும். ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தவேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பான நிபந்தனை. ஆகையால் போர்க்களத்துப் பட்டறைகளிலேயே ஃபோர்டு சேசிஸில் வில்லிஸ் என்ஜினும், வில்லிஸ் சேசிஸில் ஃபோர்டு பாடியும் ஏறிவிட்டன. 'எஃப்' எழுத்துப் போட்ட போல்ட் ஒன்று அகப்பட்டது என்பதற்காக வண்டியை ஃபோர்டு என்று தீர்மானிக்க இயலாததன் காரணம் அதுவே.

இடம் மாறாத பாகம் எதுவோ அதையே முதலில் பார்க்கவேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து, சேசிஸின் இரண்டு நீளத் தண்டுகளையும் முன்புறத்தில் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைக் கையால் தடவினால், அது உருண்டையான குழாயாக இருந்தால் வில்லிஸ் என்றும், கவிழ்த்து வைத்த பெட்டிபோல் சதுரமாக இருந்தால் ஃபோர்டு என்றும் இருட்டில்கூடச் சொல்லிவிடலாம். அந்தச் சட்டத்தை அறுத்து மாற்றுவது வேறு சேசிஸ் வாங்குவதைவிடச் சிரமமான காரியமாதலால், அதை யாரும் மாற்றத் துணிவதில்லை. ஃபோர்டு தன் எண்ணை இடதுபுறத் தண்டின் மேல்முகத்தில் நேராகக் கொத்தியிருக்கும். வில்லிஸ் சிறு தகட்டில் அடித்து அதை முன் பம்பருக்குப் பின்னால் தண்டின் உட்புறத்தில் ரிவிட் வைத்திருக்கும். கொத்திய எண் துருப்பிடித்தாலும் உப்புத்தாள் போட்டால் மீண்டு வரும். ரிவிட் போன தகடு போனதுதான். இதனால் எண்ணில்லாத வில்லிஸ்கள் எங்கள் பக்கத்தில் மிகுதி.

முகப்புக் கிரில்லும் வயது சொல்லும், ஆனால் இரண்டாம் பட்ச சாட்சியாக. 1941 இறுதியிலும் 1942 தொடக்கத்திலும் வந்த முதல் வில்லிஸ்களுக்கு இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பற்றவைத்த கிரில். ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது பிளவுகள் வெட்டிய கிரில்லை ஃபோர்டு கொண்டுவந்தபின், வில்லிஸும் அதையே ஏற்றுக்கொண்டது. பட்டைக் கிரில் வைத்த வண்டி ஒன்றையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்று மேஸ்திரிக்குக் கடைசிவரை ஆசை இருந்தது. அவர் காலமான பிறகு ஒன்று எனக்கு அகப்பட்டது. கிரில் மட்டும், ஓர் ஆட்டுப்பட்டியின் படலாக.

யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் நிறுவனத்தார் அதே வண்டியை விவசாயிகளுக்கு விற்க முனைந்து, 1945-ல் சி.ஜே. 2ஏ என்பதை வெளியிட்டார்கள். இதற்குக் கிரில்லில் ஏழு பிளவுகள்; முன்விளக்குகள் பெரியனவாகி வெளியே துருத்தி நின்றன; பின்னால் இறங்கும் கதவு வந்தது; ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போயிற்று; ராணுவ வண்டியில் டிரைவர் ஆசனத்தைத் தூக்கிப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்ததற்கு மாறாக, வெளிப்புறத்திலேயே மூடி வைத்தார்கள். மண்வெட்டியும் கோடரியும் மாட்டுவதற்காக ராணுவப் பாடியின் பக்கத்தில் அழுத்தியிருந்த பள்ளம் ஆரம்ப காலத்து 2ஏ-க்களிலும் தொடர்ந்தது. இதை அறியாத தரகர்கள் அந்தப் பள்ளத்தைக் காட்டியே 2ஏ-யை யுத்த வண்டி என்று விற்றிருக்கிறார்கள். 1949 மாடலாக வந்த 3ஏ-க்கு முன் கண்ணாடி ஒரே துண்டு, அதன் அடியில் காற்று வரத் திறப்பு. 1953-ல் 3பி வந்தபோதுதான் பானெட் சட்டென்று உயர்ந்தது. அதுவரை இருந்த என்ஜினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தமையால் தலை தட்டையாக இருந்தது. புதிய 'ஹரிக்கேன்' என்ஜினில் காற்று உட்செல்லும் வால்வுகள் தலைக்குமேல் ஏறிக்கொண்டதால், அந்த உயரத்துக்கு இடம் கொடுக்கப் பானெட்டையும் கிரில்லையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் 134 கன அங்குலமே கொள்ளளவு. சக்தி மட்டும் 60 குதிரையிலிருந்து 70-க்கு மேல் போயிற்று.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் வண்டிகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கி, பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 3பி 1968-ல் நின்றுவிட்டது. இங்கேயோ அதே உயரப் பானெட் வடிவம் அதற்குப் பிறகும் பல வருஷம் தொடர்ந்து வந்தது. அமெரிக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் ஊர் ஜீப்புக்கு வருஷம் சொல்ல முயல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். அவர்கள் கணக்குப்படி 1968-க்கு முந்தியதாக இருக்கவேண்டிய வண்டி, வாஸ்தவத்தில் எமர்ஜென்சி காலத்து வண்டியாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் எல்லாம் மாற்றப்பட்டிருக்கும் வண்டிக்கு மேஸ்திரி ஒரு பரீட்சை வைத்திருந்தார். அரூரில் ஒரு புளி வியாபாரி, மிலிட்டரி ஜீப் என்று சொல்லித் தம்மிடம் விற்க வந்த வண்டியை நான் பார்க்கவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். கிரில்லில் ஒன்பது பிளவு, பக்கத்தில் பள்ளம், பச்சைப் பெயிண்ட், எல்லாம் இருந்தன. கியரை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, மற்றதற்குக் கல் வைத்தேன். தூக்கிய சக்கரத்தின் டயரிலும், கூட்டு ஷாஃப்ட்டின்மேலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கடைப் பையனைக் கூப்பிட்டு, "சக்கரத்தை மெதுவா ரெண்டு சுத்து சுத்துடா" என்று சொல்லி ஷாஃப்ட்டை எண்ணினேன். ராணுவ வண்டிக்குக் கிரௌனில் 39 பல், பினியனில் 8 பல். ஆகவே ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாக நிற்கவேண்டும். விவசாயிகளுக்குச் செய்த வண்டிக்கு 43-க்கு 8; ஐந்து சுற்றைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குமேல் வரும். அரூர் வண்டியின் கோடு ஐந்தைத் தாண்டி நடந்துபோய்விட்டது. பின்சக்கரத்து ஹப்பைத் துடைத்துப் பார்த்தால், ராணுவ ஹவுசிங்குக்கு உரிய வட்டமான ஆறு போல்ட் தட்டு இல்லை. நடுவில் பெரிய நட்டு ஒன்று. குனிந்து முன் சட்டத்தையும் பார்த்தபின் சேசிஸும் ராணுவத்ததன்று என்பது நிச்சயமாயிற்று. பாடி ஒன்றுதான் யுத்தம் பார்த்தது. வியாபாரி என்னைத் தனியே அழைத்து, "அப்ப வேண்டாங்களா அண்ணே?" என்று கேட்டார். மலை ஏறுவதற்கு அந்த 43-க்கு 8 பல்தான் உத்தமம், விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள் என்று சொன்னேன். அப்படியே வாங்கி, சித்தேரிப் பக்கத்துப் புளியை வெகுகாலம் அதில் இறக்கினார்.

ஸ்டேஷன் வேகன் என்னும் ஜாதி எங்கள் பக்கத்தில் அபூர்வம். ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் மிகுந்த ஆனந்தம் அளித்த வேலை ஒரு வேகனைப் பற்றியதுதான். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில், காப்பிக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால், நெடுநாள் ஓடாமல் நின்ற வில்லிஸ் வேகன் ஒன்றைப் பார்க்கத் தோட்ட முதலாளியின் மகன் என்னை அழைத்துப் போனார். "அப்பா மெட்ராஸ்ல வாங்கினது. 1958 மாடலா இருக்கணும்னு சொல்றாங்க" என்றார். சொன்னவர்கள் முகப்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது நின்ற இடத்திலேயே தெரிந்தது.

இந்த வேகனின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். யுத்தத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்றால் பாடி மரத்தால் ஆனது. 1946-ல் வில்லிஸ் வெளியிட்ட வேகன் முழுவதும் இரும்புத் தகடு. அதை வடிவமைத்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவருக்கு, பெரிய பாடித் தொழிற்சாலைகளின் உதவி கிடைக்காமல், வீட்டுச் சாமான்கள் செய்யும் பிரஸ்ஸில் தகடு அழுத்தவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. ஆறு அங்குலத்துக்கு மேல் ஆழமாக அழுத்த இயலாது. அந்த வேகனின் தட்டையான, பெட்டி போன்ற அழகு அந்த நிர்ப்பந்தத்தின் விளைவே. மரச்சட்டங்களின் ஞாபகம் வருமாறு பக்கத் தகடுகளில் புடைப்புக் கோடுகளை அழுத்தி, பாடிக்கு அடர்ந்த குங்குமச் சிவப்பும், கோடுகளுக்கிடையே மர நிறமும் சந்தன நிறமுமாகப் பூசி அனுப்பினார்கள். 1949-ல் நான்கு சக்கர ஓட்டம் சேர்ந்தது. 1950-ன் நடுவில் தட்டை முகம் போய், நடுவில் கூர்ந்த முகமும் அதன்மேல் ஐந்து கிடைப் பட்டைகளும் வந்தன. அதோடு ஹரிக்கேன் என்ஜினும் வந்தது. 1954-ல் பட்டை மூன்றாகக் குறைந்தது. 226 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினும் கிடைத்தது. 1960-ல் இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒன்றாயிற்று. பட்டையை எண்ணி, கண்ணாடியைப் பார்த்தால் வேகனின் காலத்தை ஓரளவு குறுக்கிவிடலாம்.

கொட்டகையில் நின்ற வேகனின் முகத்தில் மூன்று பட்டைகள். கண்ணாடி இரண்டு துண்டு. ஆகவே 1954-க்கும் 1960-க்கும் இடையில் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் பானெட்டைத் தூக்கினால், தலை தட்டையாக இருக்கும் பழைய நாலு சிலிண்டர் என்ஜின் உட்கார்ந்திருந்தது. என்ஜின் மாறக்கூடியது என்பதால் அதை நான் சாட்சியாக ஏற்கவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களைத் தாங்கியது, ஜீப்பில் உள்ளபடி நீளவாட்டில் இரண்டு பக்கமும் போகும் ஸ்பிரிங் கட்டுகள் அல்ல. வண்டியின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் ஒற்றைக் கட்டு. பின்சக்கரம் மட்டும் ஓடும் ஆரம்ப காலத்து வேகன்களுக்கு வைத்த அமைப்பு அது. சேசிஸோடு பிறந்த அங்கம் அது.

பிறகு கதவுகளுக்கு வந்தேன். வெளியே பச்சைப் பெயிண்ட், அதற்குள் சாம்பல், அதற்குள் வேறொரு பச்சை. கீல் மறைக்கும் இடத்தில், பெயிண்ட் அடிக்கும் பையன்களின் கை எட்டாத ஓரத்தில், பேனாக்கத்தியின் முனையால் மெல்லச் சுரண்டினேன். கடைசிப் படிவமாகக் குங்குமச் சிவப்பு வந்தது. பின்கதவின் மேல்பாதியை உயர்த்தி, அதன் உட்புற மடிப்பில் சுரண்டியபோது, சிவப்பை அடுத்துச் சந்தன நிறத்து விளிம்பு ஒன்று நேர்கோடாகத் தெரிந்தது. முன் மட்கார்டுகளின் உட்புறத்திலோ சிவப்பே இல்லை. அங்கே முதல் பூச்சே சாம்பல். தோட்டத்தில் இருந்த வயதான கங்காணியை விசாரித்தபோது, மலைப்பாதையில் எதிரே வந்த லாரியில் மோதி முன்பாகம் முழுதும் நசுங்கிப்போய், பெரிய முதலாளி சேலத்துக்கு இழுத்துப்போய்ப் புது முகம் வைத்துக் கொண்டுவந்ததை அவர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். 1950-க்கு முந்திய வேகன், 1954-க்குப் பிந்திய முகம்; இவ்வளவே நான் சொன்னேன். அதற்குள்ளே ஒரு வருஷத்தைக் குறித்துச் சொல்ல அங்கே ஆதாரம் இல்லை. "அப்போ முகத்தைப் பழையபடி மாத்திடலாமா?" என்று அவர் கேட்டதற்கு, உங்கள் தகப்பனார் ஓட்டியது இந்த முகத்தோடுதானே என்று கேட்டேன். சிறிது யோசித்து, அப்படியே இருக்கட்டும் என்றார்.

எண்பதுகளில் தொழிலின் போக்கு மாறியது. பெட்ரோல் விலை ஏறியபின் பெட்ரோல் ஜீப் வைத்திருப்பது கட்டுப்படியாகாத காரியமாகிவிட, மலை ஓட்டும் முதலாளிகள் அனைவரும் டீசல் என்ஜினுக்கு மாறினார்கள். மகீந்திரா நிறுவனமே பிரெஞ்சு தேசத்துப் பெஜோ டீசல் என்ஜினுக்கு உரிமம் பெற்றுத் தன் வண்டிகளில் வைத்தது. அதற்கு முன்பே இங்குள்ள பட்டறைகளில், மட்டடார் வேனின் என்ஜினையோ, கிடைத்த வேறு டீசலையோ, தாங்கிகளை அறுத்து ஒட்டி 3பி-யில் உட்காரவைத்தோம். 80 அங்குலச் சக்கர இடைவெளியை அறுத்து நீட்டிப் பின்னால் எதிரெதிர் பெஞ்சு போட்டதும், கூரைமேல் மூட்டை கட்டக் கம்பி வைத்ததும், பின்னால் நின்று வருவதற்குப் படி வைத்ததும் எங்கள் கைகள்தாம். வீட்டுக்குக் கூரை மாற்றுவதுபோல ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பாடித் தகட்டை மாற்றினோம். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களையும், பாம்பு கடித்தவர்களையும், ரேஷன் அரிசியையும் மலைக்கும் அடிவாரத்துக்குமாகச் சுமந்தவை இந்த வண்டிகளே. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் செய்த ஜோங்காக்களும் ஏலத்தின் வழியாக இங்கே வந்தன. அவை நிஸ்ஸான் வம்சம். அகலமும் ஆறு சிலிண்டரும் பார்த்தாலே தெரியும். ஆயினும் அவற்றையும் ஜீப் என்றே ஜனங்கள் அழைத்தார்கள்.

இப்போது வருகிறவர்கள் வேறு. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும், பழைய வண்டியின்மேல் உண்மையான பிரேமை கொண்ட இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களைக் காண்பதில் எனக்குச் சந்தோஷம். 2021-ல் மத்திய சர்க்கார், முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்து, 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண் கொடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. சேசிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாறுதல் செய்யாமல் அசல் நிலையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. விதியின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் பிறகு மலையில் ஓடிய நீட்டிய டீசல் ஜீப்புகளை வாங்கி, நாங்கள் வைத்த பெஞ்சையும் படியையும் அறுத்தெறிந்து, எங்கிருந்தோ கொண்டுவந்த பெட்ரோல் என்ஜினை வைத்து, பம்பாயில் பூட்டிய நாளில் இருந்த உருவத்துக்கு அவற்றைத் திருப்பும் வேலை பெருகியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது நஷ்டம். தொழிற்சாலை விட்ட உருவத்தில் உள்ள 3பி-க்கள் பல தேசங்களில் இருக்கின்றன. சித்தேரி ஏறிய உருவத்தில் உள்ளவை இங்கே மட்டுமே உண்டு. அவற்றில் சிலவற்றையாவது, அறுத்து ஒட்டிய தழும்புகளோடு, யாராவது வைத்துக் காப்பாற்றவேண்டும். பதிவு எண் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை.

இதைவிடக் கெடுதலானது, யுத்த வண்டி என்ற பெயருக்குக் கிடைக்கும் விலைக்காக நடக்கும் ஜோடனை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெங்களூர்ப் பையன், 1944 ஃபோர்டு என்று சொல்லி விற்கப்பட்ட வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தட்டைப் பானெட், ஒன்பது பிளவு கிரில், பக்கத்தில் பள்ளம், பானெட்டின்மேல் வெள்ளை நட்சத்திரம், பம்பரிலும் கண்ணாடிச் சட்டத்திலும் 'எஃப்' எழுத்து போல்ட்டுகள். பார்ப்பதற்கு மிக லட்சணமாக இருந்தது. அடியில் படுத்தேன். நின்றுகொண்டு பார்ப்பவர் கண்ணில் படும் இடங்களில் எல்லாம் 'எஃப்' இருந்தது. படுத்துப் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. கிரில் தகட்டின் பிளவு ஓரங்களில் அழுத்திய மடிப்புக்குப் பதில் அறுத்து அரம் போட்ட தடம். முன் குறுக்குச் சட்டம் பெட்டியும் அல்ல, ராணுவக் குழாயும் அல்ல. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொன்னேன். ஷாஃப்ட் ஐந்தைத் தாண்டிற்று. உயரப் பானெட் வைத்த பம்பாய் 3பி-யின் கழுத்தைத் தாழ்த்தி யுத்த வேஷம் போட்டிருந்தார்கள். சேசிஸ் எண்ணைத் தேய்த்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டபோது, இந்த ஒரு விஷயத்தில் புத்தகம் சரியாகவே இருந்தது: 1967.

பையனின் முகம் வாடிவிட்டது. கொடுத்த பணம் பெரிய தொகை. விற்றவரிடம் திருப்பிக் கேட்பது அவர் காரியம். வண்டிக்கு நியாயம் செய்வது என் காரியம். டாஷ்போர்டின் உட்புறத்தையும், பின் ஆசனத்தைக் கழற்றிச் சக்கரப் பெட்டியின் ஓரத்தையும் சுரண்டிக் காட்டினேன். மிலிட்டரிப் பச்சைக்கு அடியில் வெள்ளை. வெள்ளையின்மேல் பக்கத் தகட்டில் நீல எழுத்துகளின் அடிப்பாகம், அரைகுறையாக. "இது என்ன எழுத்துங்க அய்யா?" என்று கேட்டார். சுகாதார இலாகா வண்டிகளை வருஷக்கணக்கில் பழுது பார்த்தவனாதலால் அந்த நீலம் எனக்குத் தெரியும். மலைக் கிராமங்களுக்கு அம்மை ஊசியும் மலேரியா மருந்தும் கொண்டுபோன வண்டியப்பா இது, யுத்தத்துக்குப் போன வண்டிக்கு இது எதில் தாழ்த்தி என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, பழையபடி வெள்ளையாகவே செய்துகொடுக்கமுடியுமா என்று கேட்டார்.

உயரப் பானெட் தேடுவதில் சில மாதங்கள் போயின. அரூர்ப் பழைய இரும்புக் கடை ஒன்றில், தண்ணீர் மோட்டாருக்கு மூடியாகக் கிடந்ததை என் தம்பி மகன் கண்டுபிடித்து வந்தான். ஏழு பிளவுக் கிரில் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்தது. வேலை முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது, எல்லா வண்டிகளுக்கும் நான் எழுதிக் கொடுக்கும் வழக்கப்படி, கோடு போட்ட தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: சேசிஸ், பம்பாய், 1967, எண் படித்துச் சரிபார்த்தது. என்ஜின், ஹரிக்கேன் பெட்ரோல், வேறு வண்டியது, வருஷம் தெரியவில்லை. ஹவுசிங், 43-க்கு 8, சேசிஸோடு வந்தது. பாடி, தரையும் சக்கரப் பெட்டியும் பழையது. பக்கத் தகடுகளில் பள்ளம் பின்னால் அழுத்தியது, அடைத்துச் சரிசெய்தது. பானெட், வேறு 3பி-யினுடையது. கிரில், அப்படியே. பின்கதவு, என் பட்டறையில் செய்தது.